பட்டம் பெறாத பேராசிரியர் ஜார்ஜ் பூல்

1815-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லிங்கன் நகரில் செருப்புத் தைக்கும் தொழிலாளியின் மகனாகப் பிறந்தார் ஜார்ஜ் பூல். வறுமையால் பல்கலைக்கழக வாயிலை மிதிக்க இயலவில்லை. 16 வயதிலேயே ஆசிரியராகிக் குடும்பத்தைத் தாங்கினார். உயர்கணிதத்தைத் தாமே கற்றார். பட்டம் பெறாத அவரை 1849-இல் அயர்லாந்தின் கார்க் நகரக் கல்லூரி கணிதப் பேராசிரியராக ஏற்றது.

1854-இல் வெளியிட்ட நூலில், மெய்க்கு 1, பொய்க்கு 0 எனக் கொண்டு அளவையியலை இயற்கணிதமாக்கினார். இரு கூற்றுகளை இணைக்கும் ‘உம்’ பெருக்கலாயிற்று. இரண்டும் 1 ஆனால்தான் விடை 1. ‘அல்ல’ என்பது 1-இலிருந்து கழித்தல். நாம் வகுப்பில் எழுதும் மெய்மை அட்டவணைக்கு வித்து இதுவே.

1864-இல் கொட்டும் மழையில் நடந்து சென்று, ஈர உடையோடு பாடம் நடத்தினார். நோயுற்று 49 வயதில் மறைந்தார். 1937-இல் குளோடு ஷானன் அவர் கணிதத்தை மின்சுற்றுகளுக்குப் பொருத்திக் காட்டினார். கணிப்பொறியின் ஒவ்வொரு கணக்கிலும் பூல் இன்றும் வாழ்கிறார்!