கொடுப்பதையே கொள்கையாகக் கொண்ட மகாவித்துவான்

ஒருவருடைய உள்ளத்தில் எத்தகைய எண்ணம் ஊன்றி நிற்கிறதோ, அதற்கேற்பவே அவருடைய உறவுகளும் அன்றாட வாழ்வும் அமைகின்றன. வள்ளுவப் பெருந்தகை ஊக்கமுடைமைக்கெனத் தனியே ஓர் அதிகாரம் வகுத்ததை அனைவரும் அறிவர். போர்க்களத்தில் வெளிப்படும் ஊக்கத்தை உலகம் எளிதில் கண்டுகொள்கிறது. வீட்டுத் திண்ணையில், ஏடும் எழுத்தாணியுமாக இளைஞர் நால்வர் சூழ்ந்திருக்க, நாள்தோறும் சலிப்பின்றி வெளிப்படும் ஊக்கம் அத்துணை எளிதில் கண்ணுக்குத் தெரிவதில்லை. அத்தகைய ஊக்கத்தால் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழகத்தில் ஒரு பெரும் உறவு வட்டத்தை உருவாக்கியவர் திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள்.

கற்கும் வேட்கை

பிள்ளையவர்கள் 1815ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த அதவத்தூரில் பிறந்தார். தந்தையார் சிதம்பரம் பிள்ளை, தாயார் அன்னத்தாச்சி. மதுரைத் திருக்கோயிலில் முன்னர்ப் பணிபுரிந்த தந்தையார், அங்குள்ள இறைவன் திருப்பெயரையே மகனுக்குச் சூட்டினார். முதல் தமிழாசிரியரும் அவரே. பிள்ளையவர்களின் இளமையிலேயே தந்தையார் மறைந்தார். குடும்பப் பொறுப்பும் வறுமையும் ஒருங்கே வந்து சேர்ந்தன. எனினும் கல்வியை விட்டுவிட அவருள்ளம் இசையவில்லை. திருச்சிராப்பள்ளி சென்று, அங்கு வரும் புலவர்களையும் துறவியரையும் தேடித் தேடிப் பாடம் கேட்டார்.

அந்நாளில் நூல்கள் அச்சேறிப் பரவியிருக்கவில்லை. ஒரு நூலைக் கற்க வேண்டுமெனில், அதன் ஏடு வைத்திருப்பவரையோ, அதனைப் பாடமாகக் கேட்டவரையோ அணுகியே ஆகவேண்டும். தண்டியலங்காரத்தை முறையாகக் கற்பிப்பார் எவரும் கிடைக்காதிருந்த காலத்தில், தெருத்தெருவாகப் பிச்சையேற்று வாழும் பரதேசி ஒருவர் அந்நூலை நன்கறிந்தவர் எனப் பிள்ளையவர்களுக்குத் தெரியவந்தது. அப்பரதேசியோ எவரையும் மதியாத இயல்பினர். பிள்ளையவர்கள் அவரைப் பின்தொடர்ந்து சென்று, அவருக்கு வேண்டியவற்றை வாங்கிக் கொடுத்து, பணிவிடை செய்து, அவர் மனம் இசைந்தபோதெல்லாம் சிறிது சிறிதாக அந்நூலைக் கேட்டு முடித்தார். ஊரார் நகைப்பரே என்னும் நாணம் அவரைத் தடுக்கவில்லை. கற்க விழைபவனுக்குக் கற்பிப்பவர் அனைவரும் ஆசிரியரே என்னும் உறுதி அந்த வயதிலேயே அவர்பால் வேரூன்றியிருந்தது. பிற்காலத்தில் தம்மை நாடி வந்தவர்களை அவர் நடத்திய முறைக்கு இவ்வுறுதியே அடிப்படை எனலாம். அறிவுக்காகக் கையேந்தி நிற்பதன் அருமையைத் தாமே உணர்ந்தவராதலின், தம் முன் கையேந்தி நின்றவர் எவரையும் அவர் இழிவாகக் கருதவில்லை.

வீடே கல்லூரி

ஏறத்தாழ 1860ஆம் ஆண்டளவில் பிள்ளையவர்கள் மாயூரத்தில் குடியேறினார். திருவாவடுதுறை ஆதீனத்தின் ஆதரவும் மகாவித்துவான் என்னும் பட்டமும் அவருக்கு வாய்த்தன. தலபுராணங்கள் மட்டும் இருபத்திரண்டு பாடினார். பிள்ளைத்தமிழ் நூல்கள் பத்து. இவற்றுள் சேக்கிழார் பிள்ளைத்தமிழ் புலவருலகில் தனிச் சிறப்புப் பெற்றது. அவர் ஏட்டைப் பார்த்தோ எழுதித் திருத்தியோ பாடும் வழக்கமுடையவரல்லர். வாயால் சொல்லச் சொல்ல மாணாக்கர் எழுதுவர். எழுதுவோரின் கை ஓயுமேயன்றிச் சொல்வோரின் வாக்கு ஓயாது.

ஆயினும் அவர் வாழ்வின் நடுநாயகமாக விளங்கியது பாடம் சொல்லுதலே. மாணாக்கரிடம் அவர் பொருள் பெறுவதில்லை. வறிய மாணாக்கர்க்கு உணவும் உடையும் தந்ததும் உண்டு. காலை, மாலை என்ற வரையறையின்றி, நடக்கும்போதும், உண்ணுமுன்பும், பயணத்தின் இடையிலும் பாடம் நடக்கும். அவரைச் சூழ்ந்திருந்தவர்களின் பெயர்களை எண்ணிப் பார்த்தால் அக்காலத்தின் வேலிகள் பலவும் அத்திண்ணையில் தளர்ந்தமை புலனாகும். பூவாளூர்த் தியாகராச செட்டியார், உத்தமதானபுரம் வே. சாமிநாதையர், கிறித்தவர்களாகிய புதுவைச் சவராயலு நாயகர், காரைக்கால் சவேரிநாத பிள்ளை, இசுலாமியராகிய நாகூர்க் குலாம் காதிறு நாவலர் முதலானோர் அவரிடம் பயின்றவர்கள். மாயூரத்தில் முன்சீப்பாக விளங்கிய கிறித்தவப் பெருமகனார் வேதநாயகம் பிள்ளை அவருடைய ஆருயிர் நண்பர். நெற்றி நிறையத் திருநீறணிந்து சிவத்தலங்களையே பாடிய சைவப் புலவர், அந்நண்பர் மீது குளத்தூர்க் கோவை பாடினார். சமய ஒற்றுமையைக் கொள்கையாக அறிவித்து அவர் இவ்வட்டத்தை அமைக்கவில்லை. தமிழைக் கொடுக்க வேண்டும் என்னும் ஒரே எண்ணம் முன்னின்றமையால், ஏனைய வேறுபாடுகள் தாமே பின்னுக்குச் சென்றன.

தளிர் கண்ட மாணாக்கர்

1871ஆம் ஆண்டு, பதினாறு வயது இளைஞராகச் சாமிநாதையர் தம் தந்தையாருடன் மாயூரம் வந்தார். பிள்ளையவர்கள் உடனே இசைந்துவிடவில்லை. பலர் ஆர்வத்துடன் வந்து, சின்னாள் கற்று, இடையில் விட்டுச் சென்ற அனுபவம் அவர் மனத்தில் இருந்தது. பின்னர் ஏற்றுக்கொண்டபோதும், தொடக்கத்தில் மூத்த மாணாக்கரிடமே பாடம் கேட்குமாறு நேர்ந்தது. ஆசிரியரிடம் நேரே கேட்க வேண்டும் என்னும் ஏக்கம் இளைஞரை வாட்டியது.

பிள்ளையவர்கள் வீட்டின் பின்புறத் தோட்டத்தில் மரங்களும் செடிகளும் நடச் செய்திருந்தார். அவற்றில் புதுத்தளிர் விட்டிருக்கிறதா என நாள்தோறும் காலையில் சென்று நோக்குவது அவருக்குப் பேருவகை தருவதொன்று. இதனைக் கூர்ந்து கண்ட சாமிநாதையர், அவர் வருமுன்னரே தோட்டத்துக்குச் சென்று, எங்கெங்குத் தளிர் அரும்பியிருக்கிறது எனத் தேடி வைத்துக்கொள்வார். ஆசிரியர் வந்ததும் ஒவ்வொன்றாகச் சுட்டிக் காட்டுவார். ஆசிரியர் முகம் மலரும். நாளடைவில் அம்மலர்ச்சி மாணாக்கர்பால் அன்பாகக் கனிந்தது. தோட்டத்திலேயே நேரடிப் பாடமும் தொடங்கியது. தம் எண்ணம் நிறைவேற வேண்டுமெனில் பிறருடைய உள்ளம் எதில் ஈடுபட்டிருக்கிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும் என்னும் உண்மையை அவ்விளைஞர் அங்குக் கற்றார். பிற்காலத்தில் ஏடு தேடி அலைந்தபோது, ஊர்தோறும் முன்பின் அறியாதவர்களின் உள்ளத்தைத் திறக்க அவருக்குப் பயன்பட்ட திறமும் இதுவேயாதல் வேண்டும்.

ஆசிரியரின் அன்பும் இதற்குக் குறைந்ததன்று. திருவாவடுதுறையில் குருபூசைக் கூட்டத்தின் நடுவே, உணவு கிடைக்காமல் பசியோடு படுத்துறங்கிவிட்ட இம்மாணாக்கரை, அத்தனை பெருமக்கள் சூழ்ந்திருந்தும் மறவாது தேடச் செய்து, அகாலத்திலும் உணவுக்கு ஏற்பாடு செய்தவர் பிள்ளையவர்கள்.

மனம் மாறிய நாள்

இத்தகைய பெரியார்க்கும் மனச்சாய்வுகள் இல்லாமலில்லை. இசைப் பயிற்சியில் மாணாக்கர் ஈடுபடுவதை அவர் விரும்பியதில்லை. கோபாலகிருட்டிண பாரதியாரிடம் சாமிநாதையர் இசை பயின்றுவந்ததை அறிந்து அவர் மகிழாமையால், அப்பயிற்சி இடையிலே நின்றது. இலக்கணத்தில் அவர் கொண்டிருந்த பற்று மிகுதியே இதற்குக் காரணம் எனினும், ஒரு கலையின் வாயில் ஓர் இளைஞர்க்கு அடைபட்டதை மறுப்பதற்கில்லை.

இதற்குப் பல்லாண்டுகளுக்கு முன், அப்பாரதியாரே தாம் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனைக்குச் சிறப்புப்பாயிரம் வேண்டி வந்தபோதும் பிள்ளையவர்கள் இசையவில்லை. இலக்கண வழுக்கள் அவர் செவியை உறுத்தின. பாரதியாரோ சினந்து விலகாமல் மீண்டும் மீண்டும் வந்துகொண்டிருந்தார். ஒருநாள் பிள்ளையவர்களுக்காகக் காத்திருந்த வேளையில், அக்கீர்த்தனைகளைத் தமக்குள் உருகிப் பாடிக்கொண்டிருந்தார். உள்ளிருந்து கேட்ட புலவரின் நெஞ்சு நெகிழ்ந்தது. வழுக்கள் இருந்தவாறே இருந்தன. அவற்றைக் கடந்து நந்தனாரின் ஏக்கம் அவரை வந்தடைந்தது. சிறப்புப்பாயிரமும் கிடைத்தது. ஒருவர் எண்ணத்தின் உறுதி மற்றொருவரின் கொள்கை உறுதியையும் கரைக்கவல்லது என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாகும். தம் மனம் மாறியதை மறைக்காமல் ஒப்பிய பிள்ளையவர்களின் பெருமையும் இங்கு நினைக்கத்தக்கது.

கொடையின் விலை

கொடுப்பதையே இயல்பாகக் கொண்டவர் இல்லத்தில் செல்வம் தங்குவதில்லை. எண்ணெய் முழுக்குக்கென ஒருநாள் காலை பிள்ளையவர்கள் மனையில் அமர்ந்தார். எண்ணெய் கொணரச் சென்றவர் நெடுநேரம் வரவில்லை. அதுகாறும் அவர் பாடம் சொல்லிக்கொண்டேயிருந்தார். வீட்டில் எண்ணெய் இல்லையென்பது பின்னரே அருகிருந்த மாணாக்கர்க்குப் புலப்பட்டது. புராணம் பாடிப் பெற்ற பொருள், கடனுக்கும் விருந்துக்கும் மாணாக்கர் உணவுக்குமாகக் கரைந்தது. அக்கடன் சுமையை அவர்தம் குடும்பமும் தாங்க நேர்ந்தது. அவருடைய கொடையைப் போற்றுவோர் இதனையும் உடன் எண்ணுதல் முறையாகும்.

பொருளை மட்டுமன்றிப் புகழையும் அவர் ஈந்தார். பெங்களூரில் தம்மைப் பேணிய வல்லூர்த் தேவராச பிள்ளையின் பெயரால் வெளிவந்த குசேலோபாக்கியானம், உண்மையில் பிள்ளையவர்கள் பாடியதே. புலவன் தன் பெயரைப் பிறர்க்கு ஈவது புரவலரை நம்பி வாழ்ந்த அக்காலத்தின் அவலமெனச் சிலர் கருதலாம். அவலமே ஆயினும், அதனைக் கசப்பாக மாற்றிக்கொள்ளாமல், அடுத்த நாளும் அதே ஊக்கத்துடன் பாடம் சொல்ல அமர்ந்தார் என்பதே அவர் வாழ்வின் தனித்தன்மை.

இறுதியும் எச்சமும்

1876ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் நாள், திருவாவடுதுறையில் பிள்ளையவர்கள் இயற்கை எய்தினார். அவ்வேளையில் கிறித்தவராகிய சவேரிநாத பிள்ளை அவரைத் தம் மார்பில் சார்த்தித் தாங்கியிருந்தார். அந்தணராகிய சாமிநாதையர் அருகிருந்து திருவாசகம் ஓதினார். அறுபதாண்டு வாழ்வில் அவர் திரட்டிய செல்வம் இன்னதென்பதை அக்காட்சியே உணர்த்தும்.

அவ்வுறவுகள் அவரோடு மறையவில்லை. 1880ஆம் ஆண்டு கும்பகோணம் கல்லூரியிலிருந்து ஓய்வுபெற்ற தியாகராச செட்டியார், தம் பணியிடத்தை உடன்பயின்ற சாமிநாதையர்க்குப் பெற்றுத் தந்தார். அக்கல்லூரியில் இருந்தபோதே ஐயர் 1887இல் சீவகசிந்தாமணியையும், 1889இல் பத்துப்பாட்டையும், 1892இல் சிலப்பதிகாரத்தையும், 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தார். நன்றி மறவாத ஐயர், பின்னர்ச் சென்னைத் திருவல்லிக்கேணியில் தாம் வாழ்ந்த இல்லத்துக்குத் தியாகராச விலாசம் எனப் பெயரிட்டார். எண்பது வயதை நெருங்கியபோது, 1933, 1934ஆம் ஆண்டுகளில், தம் ஆசிரியர் வரலாற்றை இரு பாகங்களாக வெளியிட்டார்.

பிள்ளையவர்கள் பாடிய புராணங்களை முழுதும் கற்பார் இன்று அரியர். பல்லாயிரம் பாடல் பாடிய ஒரு பெரும்புலவரின் நூல்கள் நூலகப் பேழைகளில் உறங்க, அவர் பொருள் பெறாமல் சொல்லிய பாடம் சங்கத் தமிழை அச்சில் ஏற்றும் கரங்களை உருவாக்கிற்று. கவிஞர்க்கு இது சற்றே வருத்தம் தரும் செய்தியாகலாம். ஆறுதலும் அதனுள்ளேயே இருக்கிறது. பாடல் நிலைபெறுமா என்பது பாடியவர் கையில் இல்லை. இன்று தம் முன் வந்து அமரும் இளைஞர்க்கு ஒரு செய்யுளின் பொருளை முகம் மலர்ந்து சொல்லுதலோ எவர் கையிலும் உள்ளது. மாயூரத்துத் தோட்டத்தில் தளிர்களை நோக்கி நின்ற அப்பெரியார் வாழ்வு, திங்கள்தோறும் கூடித் தமிழ் வளர்க்கும் ஒவ்வோர் இலக்கிய வட்டத்துக்கும் விட்டுச் சென்றுள்ள செல்வம் அதுவே.