பூச்சிமேல் விழுந்த பழி: உண்மையைக் கண்டறிந்த பினாங்கு மருத்துவர்

பினாங்கு, ஜோர்ஜ் டவுனில் 1879 மார்ச் 10ஆம் நாள் ஒரு சீனப் பொற்கொல்லரின் மகனாகப் பிறந்தவர் டாக்டர் வூ லியன் தே. பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் படித்த அவர், உபகாரச் சம்பளம் பெற்று 1896இல் இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜில் மருத்துவம் பயின்றார். 1903இல் திரும்பி வந்து சூலியா ஸ்திரீட்டில் வைத்தியம் பார்த்தார். மக்களைச் சீரழித்த அபினை எதிர்த்தும் போராடினார். பின்னர் அழைப்பை ஏற்றுச் சீனா சென்று, இராணுவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றினார்.

1910 டிசம்பரில் வட சீனாவின் ஹார்பின் நகருக்கு அவர் அனுப்பப்பட்டார். அங்கே மக்கள் இரத்தம் கக்கி, ஓரிரு நாட்களில் மடிந்துகொண்டிருந்தனர்.

பிளேக் என்றால் எலியும் தெள்ளுப்பூச்சியும்தான் காரணம் என்பது அன்றைய மருத்துவ உலகின் முடிவு. எலியின் உடலிலிருந்து கிருமியைச் சுமந்து வருவது தெள்ளுப்பூச்சி என்று 1898இல் கராச்சியில் பிரெஞ்சு மருத்துவர் சிமோன் காட்டியிருந்தார். பம்பாயில் பல்லாயிரம் பேரைக் கொன்ற பிளேக்குக்கும் அதுவே காரணம். ஆனால் ஹார்பினில் கடும் பனிக்காலம். அங்குப் பிடித்த எலிகளை அறுத்துப் பார்த்தும் அவற்றில் கிருமி இல்லை.

பிணத்தை அறுப்பது பெரும்பாவமாகக் கருதப்பட்ட இடம் அது. இருந்தும், இறந்துபோன ஜப்பானியப் பெண் ஒருவரின் உடலை வூ இரகசியமாகப் பரிசோதித்தார். உள்ளே பிளேக் கிருமி இருந்தது. நோய் நுரையீரலைத் தாக்கியிருந்தது. இங்கே நோயைப் பரப்புவது பூச்சி அல்ல, மனிதரின் மூச்சும் இருமலும்தான் என்று அவர் முடிவு செய்தார். பஞ்சும் துணியும் வைத்துத் தைத்த முகக்கவசத்தை எல்லாரும் அணியச் சொன்னார்.

பிரெஞ்சு மருத்துவர் மெஸ்னி அதை ஏற்கவில்லை. கவசமின்றி நோயாளிகளைப் பார்த்த அவர், சில நாட்களில் அதே நோயால் இறந்தார். அதன்பின் வூவின் சொல்லுக்கு மதிப்பு கூடியது.

உறைந்த மண்ணில் புதைக்க முடியாமல் கிடந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சடலங்களை, அரச அனுமதி பெற்று 1911 ஜனவரி இறுதியில் எரியூட்டினார். நோயாளிகளும் அவர்களோடு பழகியவர்களும் தனிமைப்படுத்தப்பட்டனர். ரயில் பயணமும் கட்டுப்படுத்தப்பட்டது. சுமார் 60,000 உயிர்களைப் பறித்த நோய் சில வாரங்களில் அடங்கியது.

1935இல் அவர் பெயர் நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. 1937இல் மலாயா திரும்பி, ஈப்போவில் பல ஆண்டுகள் மருத்துவம் பார்த்தார். 1960 ஜனவரி 21ஆம் நாள், பிறந்த பினாங்கிலேயே காலமானார்.

இன்று சடலத்தில் மொய்க்கும் ஈயும் புழுவும்கூட, மரணம் நேர்ந்த காலத்தைக் கணிக்கக் காவல்துறைக்கு உதவுகின்றன. பூச்சி இருந்தால் அது ஒரு சாட்சி. பூச்சிக்குத் தொடர்பே இல்லை என்று தெரிந்தால், அதுவும் ஒரு சாட்சிதான். ஊரே எலியைத் தேடியபோது இறந்தவரின் உடலையே ஆராய்ந்து விடை கண்டதுதான், இந்தப் பினாங்கு மைந்தர் செய்த பெரும்பணி.