அருவியில் மின்சாரம் கண்ட விமலசுரேந்திர

தேவபுர ஜயசேன விமலசுரேந்திர 1874ஆம் ஆண்டு இலங்கையின் காலி நகரில் பிறந்தார். பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்த அவர், தங்கம் தேடும் ஆய்வுப் பணிக்காக மலைநாட்டுக்குச் சென்றார். அங்கு அவர் கருத்தைக் கவர்ந்தது தங்கமன்று. மஸ்கெலியா, கெஹெல்கமு ஆறுகளின் அருவிகள்.

இலங்கையில் நிலக்கரியும் இல்லை, எண்ணெய்க் கிணறுகளும் இல்லை. எரிபொருளைக் கப்பலில்தான் கொண்டுவர வேண்டும். அருவி நீரையோ விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. அதைக் குழாய்வழி கீழே இறக்கிச் சுழலிகளை இயக்கினால் மின்சாரம் கிடைக்கும். பிளாக்பூலில் சிறிய நீர்மின் நிலையம் அமைத்து, நுவரெலியா நகருக்கு மின்சாரம் கிடைக்கச் செய்தார்.

1918இல் லக்சபான திட்டத்தின் பொருளாதாரப் பயனைக் கணக்கிட்டுப் பொறியாளர்கள் சங்கத்தில் ஆய்வுக் கட்டுரை படைத்தார். அன்று தீவில் மின்விளக்கு எரிந்த ஊர்கள் மிகச் சில. பயன்படுத்துவோர் குறைவாக இருக்கையில் இவ்வளவு பெரிய திட்டம் எதற்கு என்று கேட்பது எளிது. மலிவான மின்சாரம் வந்தால் ஆலைகளும் மின்ரயிலும் பின்னால் வரும் என்பது அவர் கணிப்பு. தேவைக்காகக் காத்திருந்தால் தேவையே பிறக்காது அல்லவா?

1924இல் தொடங்கிய கட்டுமானம் 1927இல் நின்றுபோனது. நம் பேராக்கில் செண்டேரோ அணை 1930இலேயே இயங்கத் தொடங்கிவிட்டது. விமலசுரேந்திர 1929இல் ஓய்வு பெற்றார். ஆனால், திட்டத்தைக் கைவிடவில்லை. 1931இல் இரத்தினபுரியின் உறுப்பினராக அரசாங்க சபைக்குள் நுழைந்து, அங்கும் அதற்காகவே வாதாடினார்.

லக்சபான மின்நிலையம் 1950இல் 25 மெகாவாட் திறனுடன் இயங்கத் தொடங்கியபோது அவருக்கு வயது 76. மூன்று ஆண்டுகளில் அவர் காலமானார். பின்னர் அதே மலைப்பகுதியில் எழுந்த மற்றொரு மின்நிலையத்துக்கு அவருடைய பெயர் சூட்டப்பட்டது.