ஆற்றிலிட்ட பொன்: கணித மேதை இராமானுசன் வாழ்ந்த இரண்டு ஊர்கள்

திருமுதுகுன்றத்து இறைவன் அளித்த பன்னீராயிரம் பொன்னைச் சுந்தரர் மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்த வரலாற்றை நம் ஊர்க் குழந்தைகளும் அறிவர். ஆற்றில் இட்டுக் குளத்தில் தேடுவது என்னும் வழக்கை நாம் பெரும்பாலும் ஏளனத்துக்கே பயன்படுத்துகிறோம். ஆயின் அவ்வரலாற்றில் என் மனம் தங்கும் இடம் வேறு. பொன்னை ஆற்றில் இடுமுன் சுந்தரர் அதில் ஒரு துண்டை மச்சமாக வெட்டி வைத்துக்கொண்டார். குளத்தில் எடுத்த பொன்னை அம்மச்சத்தோடு ஒப்பிட்டு உரைத்தபோது மாற்றுக் குறைந்து காணப்பட்டது. ஓரூரில் இட்ட பொன் இன்னோரூரில் அதே மாற்றோடு கிடைக்குமா என்னும் ஐயம் அடியார்க்கும் இருந்தது.

நம் ஊர் இன்று சூளைகளின் ஊர். பீங்கான் பொம்மைகளும் மின்காப்புக் கட்டைகளும் இங்கிருந்து வண்டியேறுவது போலவே, பீங்கான் தொழில்நுட்பம் பயின்ற பிள்ளைகளும் வண்டியேறுகின்றனர்; சிலர் குசராத்துக்கு, சிலர் கடல் கடந்து வளைகுடா நாடுகளுக்கு. எங்கள் தெருவில் ஓர் அம்மையார் ஆண்டுதோறும் பங்குனி வெயிலில் திண்ணையில் அமர்ந்து புளிக்குக் கொட்டை எடுப்பார். அதில் ஒரு பங்கு கத்தாரில் உள்ள மகனுக்குச் செல்லும். சென்ற ஆண்டு அவரோடு அமர்ந்து நானும் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தபோது, நூறாண்டுகளுக்கு முன் கொட்டை நீக்கிய புளியை அஞ்சலில் அனுப்பக் கேட்டு இங்கிலாந்திலிருந்து கடிதம் எழுதிய ஒருவர் நினைவுக்கு வந்தார். இம்மலருக்குக் கவிஞர் ஒருவரின் வரலாற்றை எழுதுமாறு வட்டத்தார் பணித்தனர். நான் எழுதப் புகுந்ததோ கணிதம் கற்றவர் வரலாறு. கவிஞர்கள் பொறுத்தருள்க.

சீனிவாச இராமானுசன் 1887ஆம் ஆண்டு திசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில், தாய்வழிப் பாட்டியார் இல்லத்தில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணம் சாரங்கபாணி சன்னிதித் தெரு. தந்தையார் துணிக்கடை ஒன்றில் கணக்கெழுதியவர். மாத வருவாய் இருபது ரூபாய் அளவினது. தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பக்திப் பாடல்கள் பாடுவார். நாமக்கல் நாமகிரித் தாயார் அக்குடும்பத்தின் தெய்வம். நகர உயர்நிலைப் பள்ளியில் பரிசுகள் பல பெற்ற சிறுவர்க்குப் பதினாறாம் அகவை அளவில் கார் என்பவர் தொகுத்த கணிதத் தொகுப்பு நூல் ஒன்று கைக்கு வந்தது. விளக்கங்கள் மிகக் குறைந்து முடிவுகளே நிரம்பிய நூல் அது. பிற பாடங்கள் அவருக்கு மறந்தே போயின. கும்பகோணம் அரசினர் கல்லூரியில் ஆங்கிலப் பாடத்தில் தவறி உதவித்தொகையை இழந்தார். 1905இல் வீட்டாரிடம் சொல்லாமல் விசாகப்பட்டினம் சென்று மீண்டார். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் தேர்வில் தேறவில்லை.

ஊர் அவரை என்ன செய்தது என்பதை இங்குப் பார்க்க வேண்டும். தேர்வில் தவறிய, வேலையற்ற அவ்விளைஞர் திண்ணையில் அமர்ந்து பலகையில் எழுதிக்கொண்டிருப்பார். தாளுக்கு ஏது காசு? எழுதியதை முழங்கையாலேயே துடைத்துவிட்டு மீண்டும் எழுதுவார். முடிவை மட்டும் குறிப்பேட்டில் பதிவார். என்ன எழுதுகிறார் என்று அத்தெருவில் எவர்க்கும் தெரியாது. ஆயினும் கணக்கு இடையில் முறியாதிருக்க, தாயாரோ பாட்டியாரோ சோற்றைக் குழம்பும் தயிருமிட்டுப் பிசைந்து அவர் கையில் உருட்டி வைப்பர். இது சிறிய செய்தி போலத் தோன்றும். இவ்வாழ்க்கையில் இதனினும் பெரிய செய்தி உண்டோ என்று நான் ஐயுறுகிறேன்.

1909ஆம் ஆண்டு சூலைத் திங்களில் கரூர்ப் பக்கத்து இராசேந்திரம் என்னும் சிற்றூரைச் சேர்ந்த ஜானகியை மணந்தார். மணமகளுக்கு அப்போது பத்து அகவை. குடும்பப் பொறுப்பு வந்தபின் வேலை தேடி 1910இல் திருக்கோவலூர் வந்தார். அங்குத் துணைக் கலெக்டராக இருந்த வி. இராமசாமி ஐயர் இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்தவர். வருவாய்த்துறையில் ஓர் எழுத்தர் பணி கேட்டு வந்த இளைஞரின் குறிப்பேட்டைப் புரட்டிய அவர், அப்பணியைத் தர மனம் ஒப்பாமல், அறிமுகக் கடிதங்களோடு சென்னைக்கு அனுப்பிவைத்தார். திருக்கோவலூரும் விருத்தாசலமும் அன்று ஒரே தென்னார்க்காடு மாவட்டத்துத் தாலுகாக்கள். ஐயர் சற்று இரக்கம் மிகுந்தவராக இருந்திருப்பின், நம் தாலுகா அலுவலகத்தில் இராமானுசன் என்றொரு குமாஸ்தா பட்டா நகல் எழுதி ஓய்வு பெற்றிருக்கவும் கூடும். மறுத்தும் உதவலாம் போலும்.

நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவ் சிறிது காலம் திங்கள்தோறும் பொருளுதவி செய்தார். 1912ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் சென்னைத் துறைமுகக் கழகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தர் ஆனார். 1913 சனவரி 16ஆம் நாளிட்டு அவர் எழுதிய கடிதம் கேம்பிரிட்ஜ் டிரினிடி கல்லூரி விரிவுரையாளர் ஹார்டியைச் சென்றடைந்தது. முன்பின் அறியாத எழுத்தரின் கடிதத்தைத் தூக்கியெறியாமல், தம் தோழர் லிட்டில்வுட்டோடு அமர்ந்து அதிலிருந்த தேற்றங்களை உரைத்துப் பார்த்தவர் ஹார்டி. திருவாரூரில் மாற்றுரைத்த பிள்ளையார் உண்டு. இராமானுசன் வாழ்வில் அப்பிள்ளையார் இவரே.

கடல் கடத்தல் ஆகாது என்பது அக்குலத்து ஆசாரம். நாமகிரித் தாயார் கனவில் வந்து தடையை நீக்கியதாகக் கோமளத்தம்மாள் கூறிய பின்பே பயணம் உறுதியாயிற்று. குடுமி களைவதைக் காணலாகாது என்று தாயாரையும் மனைவியையும் முன்னதாகவே கும்பகோணத்துக்கு அனுப்பிவிட்டார். 1914 மார்ச்சு 17ஆம் நாள் நெவாசா என்னும் கப்பல் சென்னைத் துறையை விட்டு நீங்கியது. ஏப்பிரல் 14ஆம் நாள் இலண்டன் சேர்ந்தார்.

ஜானகியும் உடன்வர விரும்பினார், ஒப்புதல் கிடைக்கவில்லை. தமிழ் பயிற்றுவோர் இவ்விடத்தில் தொல்காப்பியத்தை நினையாதிருக்க இயலாது. கடல்வழிப் பயணத்தில் மகளிரை உடன் கொண்டு செல்லும் வழக்கம் இல்லை என்று அகத்திணையியல் கூறும். வகுப்பறையில் அந்நூற்பாவை ஆண்டுதோறும் கடந்து செல்கிறேன். ஜானகி அம்மாளின் வரலாற்றைப் படித்த பின் அத்தனை எளிதாகக் கடக்க முடியவில்லை.

கேம்பிரிட்ஜ் இராமானுசனுக்குக் குறையொன்றும் வைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தாள் வேண்டிய அளவு கிடைத்தது. ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை இருந்தது. சொல்வதைப் புரிந்துகொள்ளும் இருவர் இருந்தனர். தெருவே வியந்தும் விளங்காமலும் பார்த்த எழுத்துக்கு, முதன்முறையாகப் படிப்போர் வாய்த்தனர். இது எத்தகைய பேறு என்பதைக் கவிஞர்களாகிய உங்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1915இல் மிகுபகு எண்கள் பற்றிய நெடிய கட்டுரை வெளிவந்தது. 1916இல் பட்டம் பெற்றார்.

ஆனால் அவ்வூரில் தோழமை என்பது உணவுக் கூடத்தில் வளர்வது. மாணவரும் ஆசிரியரும் நீண்ட மேசைகளில் ஒருங்கமர்ந்து உண்ணும் நேரமே பழகும் நேரம். புலால் மறுத்தவரும், கல்லூரி மடைப்பள்ளிப் பாத்திரங்களை ஐயுற்றவருமான இராமானுசன் அக்கூடத்துக்குச் செல்லவில்லை. தம் அறையில், எரிவாயு அடுப்பில், தாமே பொங்கி உண்டார். பல நாள் ஒரு வேளைதான். உணவை மறுத்ததால் பேச்சையும் இழந்தார். புளியும் தேங்காயெண்ணெயும் ஊரிலிருந்து அஞ்சலில் வந்தன. 1914 ஆகத்துத் திங்களில் போர் மூண்டது. கல்லூரி முற்றத்தின் தாழ்வாரங்களில் காயமுற்ற வீரர்களின் கட்டில்கள் நிரம்பின. லிட்டில்வுட் படைப்பணிக்குச் சென்றார். கடலில் நீர்மூழ்கிக் கப்பல்களின் அச்சம். காய்கறியும் அரிதாயிற்று.

ஒரு குளிர்காலத்தில் பின்னாளில் புள்ளியியல் அறிஞராகப் புகழ்பெற்ற மகலனோபிசு அவர் அறைக்குச் சென்றார். இரவெல்லாம் குளிர் தாங்க முடியவில்லை என்றும், மேலங்கியையும் சால்வையையும் போர்த்துப் படுப்பதாகவும் இராமானுசன் கூறக் கேட்டுப் படுக்கையைப் பார்த்தால், கம்பளிகள் மெத்தையின் கீழ் செருகி ஒழுங்காக விரிக்கப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. விரிப்பின் மேலேயே படுத்து நடுங்கியிருக்கிறார். ஹார்டியிடம் நாள்தோறும் ஐந்தாறு புதிய தேற்றங்களோடு சென்றவர் அவர். அவை எவ்வாறு தோன்றின என்று கேட்கவே தமக்குத் தோன்றவில்லை என ஹார்டி பின்னாளில் வருந்தினார். தேற்றத்தையே கேட்க நேரமில்லாதபோது கம்பளியை யார் கேட்பது? கும்பகோணம் அவர் அருமையை அறியாமல் அவருக்குச் சோறூட்டியது. கேம்பிரிட்ஜ் அவர் அருமையை அறிந்தது. அவர் உண்டாரா என்பதை அறியவில்லை.

விருந்தோம்பலும் அங்கு அவரை வருத்தியது. நண்பர் ஒருவரையும் அவருடன் மகளிர் இருவரையும் அழைத்துத் தாமே சமைத்துப் பரிமாறினார். மூன்றாம் முறை பரிமாற முற்பட்டபோது அம்மகளிர் வேண்டாமென்றனர். சற்று நேரத்தில் இராமானுசனைக் காணவில்லை. சில நாள் கழித்து ஆக்சுபோர்டிலிருந்து, திரும்பி வரப் பணம் கேட்டுத் தந்தி வந்தது. நம் இல்லங்களில் வேண்டாமென்பது உபசாரத்தின் ஒரு பகுதி. மீண்டும் இடுவர், மீண்டும் உண்பர். தனிமையில் இருப்பவர்க்கு அதே சொல் வெட்டாக விழுந்தது.

வீட்டிலிருந்து வரும் கடிதங்களும் அவரிடமிருந்து செல்லும் கடிதங்களும் அருகின. ஜானகி எழுதிய மடல்களை மாமியார் தடுத்துவிட்டார் என்பது பின்னரே தெரிந்தது. 1917 இளவேனிலில் நோயுற்று மருத்துவமனைகளிலும் மலைப்புறத்துக் காசநோய் இல்லங்களிலும் தங்கினார். 1918 தொடக்கத்தில் இலண்டன் சுரங்க இரயில் பாதையில் விழுந்தார். வண்டி சில அடித் தொலைவில் நிறுத்தப்பட்டது. ஹார்டி காவல்துறையிடம் வாதாடி மீட்டார். அதே ஆண்டு மே 2ஆம் நாள் இராயல் கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தது. அக்டோபரில் டிரினிடியும் தன் உறுப்பினராக்கியது. ஓராண்டுக்குள் இவ்விரண்டும் நேர்ந்தன. பட்னியில் அவரைக் காண வந்த ஹார்டி, தாம் ஏறி வந்த வாடகை வண்டியின் எண் 1729 சுவையற்றது எனச் சொல்ல, இரு கன எண்களின் கூட்டலாக இருவகையில் எழுதத்தகும் மிகச் சிறிய எண் அதுவே என்று படுக்கையிலிருந்து விடை வந்த செய்தி உலகறிந்தது.

1919 மார்ச்சு 27ஆம் நாள் பம்பாயில் இறங்கினார். தாயாரும் தம்பியும் நின்றிருந்தனர். ஜானகி எங்கே என்பதே அவர் முதலில் கேட்டவற்றுள் ஒன்று. ஜானகி பிறந்தகத்தில் இருந்தார். செய்தி அறிந்து ஏப்பிரலில் சென்னை வந்து சேர்ந்தார். கோடையில் கொடுமுடியில் தங்கியிருந்தபோது, ஆவணி அவிட்டத்தன்று பூணூல் மாற்ற ஆற்றுக்குப் புறப்பட்டார்கள். மருமகள் வர வேண்டாமென்று கோமளத்தம்மாள் தடுக்க, வரட்டும் என்று இராமானுசன் உறுதியாகச் சொன்னார். தாயார் சொல்லைத் தட்டாதவர் அவர். ஐந்தாண்டு அயலூர் வாழ்வு தந்த பட்டங்களுள் இதனையும் ஒன்றாக நான் எண்ணுகிறேன்.

நீ உடன் வந்திருந்தால் எனக்கு நோய் வந்திராது என்னும் பொருளில் அவர் மனைவியிடம் கூறியதுண்டு. அச்சொல்லில் மருத்துவ உண்மை எத்துணை என்பது வேறு வினா. அன்று காசநோய் எனக் கருதினர். 1994இல் யங் என்னும் மருத்துவர் பழைய குறிப்புகளை ஆராய்ந்து, அது கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கலாம் என்றும், 1906இல் சென்னையில் வந்த வயிற்றுக்கடுப்பே அதன் வித்தாகலாம் என்றும் எழுதினார். அவ்வாறாயின் நோயும் ஊரிலிருந்து கொண்டு சென்றதே. அயலூரை மட்டும் குற்றஞ்சாட்டுவோர் இதனை நினைவில் கொள்ளல் நன்று.

கும்பகோணத்திலும் பின்னர்ச் சென்னைச் சேத்துப்பட்டிலும் படுத்த படுக்கையாகவே எழுதிக்கொண்டிருந்தார். 1920 சனவரியில் ஹார்டிக்குப் புதிய வகைச் சார்புகளைப் பற்றி இறுதிக் கடிதம் எழுதினார். ஏப்பிரல் 26ஆம் நாள் மறைந்தார்; அகவை 32. கடல் கடந்தமைக்குக் கழுவாய் செய்யவில்லை என்று ஆசாரம் மிக்க உறவினர் பலர் இறுதிச் சடங்குக்கு வரவில்லை. உயிரோடிருந்தபோது சோறூட்டிய ஊர், நெருப்பிடத் தயங்கியது.

அவ்விறுதி ஆண்டில் எழுதிய தாள்கள் சென்னையிலிருந்து ஹார்டிக்கு அனுப்பப்பட்டுக் கைமாறிக் கைமாறி மறைந்தன. 1976இல் அமெரிக்கக் கணித அறிஞர் ஆண்ட்ரூசு டிரினிடி கல்லூரி நூலகத்துப் பெட்டி ஒன்றில் அவற்றைக் கண்டெடுத்தார். நூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்கள், அறுநூறுக்கும் மேற்பட்ட வாய்பாடுகள். காவிரிக் கரையிலும் கூவத்தின் அருகிலும் இட்ட பொன் கேம் ஆற்றங்கரையில் கிடைத்தது; மாற்றுக் குறையவில்லை.

அதே ஆண்டில் ஜானகி அம்மாள் திருவல்லிக்கேணியில் வாழ்ந்துகொண்டிருந்தார். கணவர் மறைந்தபின் தையல் கற்று, அதனைக் கொண்டே நெடுங்காலம் வாழ்ந்தவர். ஒரு பிள்ளையைத் தத்தெடுத்து வளர்த்தவர். கணவர்க்குச் சிலை எடுப்பதாகச் சொன்னது நிறைவேறவில்லையே என அவர் வருந்தியதை அறிந்து, அயல்நாட்டுக் கணித அறிஞர்கள் பொருள் திரட்டி மார்பளவுச் சிலை ஒன்றைச் செய்வித்து 1985 அளவில் அவர் இல்லத்துக்கு அனுப்பினர். 1994 ஏப்பிரல் 13ஆம் நாள் மறைந்தார். இறுதி நாள்களில் கணவர்க்கு வேளை தவறாமல் சோறும் எலுமிச்சைச் சாறும் மோரும் தந்து, காலிலும் மார்பிலும் வலி கண்டபோது ஒத்தடம் கொடுக்கும் பேறு தமக்கு வாய்த்தது என்று அவர் நினைவுகூர்வதுண்டு. அந்நாளில் வெந்நீர் வைத்த இரண்டு பாத்திரங்களை மட்டும் அவர் முதுமைவரை வைத்திருந்தார்.