கன்னியர் மடத்தில் ஒரு டாக்டர்



பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு மகளைப் பிரசவத்துக்குக் கூட்டிச் செல்கிறீர்கள். அங்கே பெண் டாக்டர் இருக்கிறார். நம்மூர்த் தமிழ் பேசும் நர்ஸ் இருக்கிறார். எங்கே வலிக்கிறதென்று மகள் கூச்சமின்றிச் சொல்லுகிறாள். இந்த வசதி முற்காலத் தாய்மாருக்கு இல்லை. ஆண் வைத்தியரிடம் காட்டலாகாது என்ற வழக்கத்தால் வீட்டுக்குள்ளேயே மாண்டவர்கள் எத்தனையோ பேர்.

கன்னியாஸ்திரீகள் உதவியிருக்கலாமே என்பீர்கள். அவர்கள் டாக்டர் தொழில் செய்யவும் பிரசவம் பார்க்கவும் அக்காலத் திருச்சபைச் சட்டம் இடங்கொடுக்கவில்லை. இராவல்பிண்டியில் பெண்களுக்காக ஆஸ்பத்திரி ஏற்படுத்திய டாக்டர் ஆக்னஸ் மக்லாரன் அம்மையார், இச்சட்டத்தை மாற்றும்படி உரோமையில் மன்றாடினார். பலன் காணாமலே 1913-ல் மரித்தார்.

அவரைப் பற்றிய சிறு பிரசுரமொன்று 1915-ல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் டாக்டர் மேரி குளோரியின் கையில் கிடைத்தது. 1887-ல் பிறந்து, 1910-ல் வைத்தியப் பட்டம் பெற்றவர் இவர். இந்தியத் தாய்மாரும் பச்சிளங் குழந்தைகளும் படும் பாட்டை அதில் வாசித்து மனமுருகினார். நன்றாக நடந்துவந்த தொழிலை விட்டு, 1920-ல் ஆந்திர நாட்டுக் குண்டூர் வந்து, சேசு மரி சூசை சபையில் சேர்ந்தார். பாப்பரசர் 15-ம் ஆசீர்வாதப்பர் விசேஷ அனுமதி அளித்ததால், கன்னியர் உடையிலேயே வைத்தியமும் செய்தார்.

தாம் ஒருவர் போதாதென்று அவர் கண்டார். உள்ளூர்ப் பெண்களுக்குப் பிரசவம் பார்க்கவும், மருந்து கலக்கவும், நோயாளியைப் பராமரிக்கவும் கற்றுக்கொடுத்தார். நோயாளியின் பாஷையும் வீட்டு வழக்கமும் அறிந்தவர்கள் அல்லவா அவர்கள்! 1936-ல் உரோமை, கன்னியர் பிரசவ வைத்தியம் செய்யப் பொது அனுமதி தந்தது. 1943-ல் அவர் தொடங்கிய கத்தோலிக்க ஆஸ்பத்திரிச் சங்கம் நாடெங்கும் வளர்ந்தது. 1957-ல் பெங்களூரில் மரித்தார். 2013-ல் இறை ஊழியர் என அறிவிக்கப்பட்டார்.

இவரது வாழ்வு நமக்குக் கற்பிப்பதென்ன? உதவ வல்லவரை வாசலில் நிறுத்தினால், உள்ளே நோயாளி சாகிறார். ஆகவே உங்கள் மகள் நர்ஸ் வேலைக்குப் படிக்க விரும்பினால் தடுக்காதீர்கள். ஆஸ்பத்திரியில் உங்களைக் கவனிப்பவர் வேறு ஜாதி, வேறு மதம், வேறு பாஷை என்று முகம் சுளிக்காதீர்கள். மருந்து மாறிவிட்டதைக் கடைசிப் படியிலுள்ள ஊழியர்தான் முதலில் காணக்கூடும். அவமதிக்கப்பட்டவர் வாய் திறக்க அஞ்சுவார். மதிக்கப்பட்டவரோ உடனே சொல்லுவார். அந்த ஒரு சொல் உங்கள் பிள்ளையின் உயிரைக் காக்கும்.