கூடாரம் போட்டுச் சினிமா காட்டிய ரயில்வே குமாஸ்தா!

1905-ம் வருஷம். திருச்சிராப்பள்ளியில் ஒரு வெள்ளைக்காரர் நோய்வாய்ப்பட்டுக் கிடந்தார். அவர் பெயர் டுபான், பிரெஞ்சுக்காரர். இலங்கையில் சலனப்படம் காட்டிவிட்டுத் தமிழ்நாட்டுக்கு வந்தவர். உடம்பு முடியவில்லை. எப்படியாவது கப்பல் ஏறி ஊர் போய்ச் சேர்ந்தால் போதும் என்று ஆகிவிட்டது.

அவரிடம் இருந்த சொத்து ஒரு படம் காட்டும் யந்திரம், சில படச் சுருள்கள், சில தட்டுமுட்டுச் சாமான்கள். கப்பலில் திரும்பச் சுமந்து போக அவருக்குத் தெம்பு இல்லை. விற்றுவிடத் தீர்மானித்தார். யார் வாங்குவார்கள்?

வாங்கியவர் பெரிய மிராசுதாரும் அல்ல, லேவாதேவிக்காரரும் அல்ல. திருச்சியில் ரயில்வே உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்த இருபத்திரண்டு வயது இளைஞர். கோயமுத்தூர்க்காரர். 1883-ம் வருஷம் ஏப்ரல் 18-ந் தேதி பிறந்தவர். பெயர் சாமிக்கண்ணு வின்சென்ட்.

விலை 2,000 ரூபாய்க்கு மேல். ஒரு சாதாரண ரயில்வே குமாஸ்தா பல வருஷம் சாப்பிடாமல் குடிக்காமல் சேர்த்து வைத்தாலும் எட்டாத தொகை! பணத்தைப் புரட்டினார். கொடுத்தார். யந்திரம் அவருடையதாயிற்று.

கூடவே உத்தியோகத்துக்கும் ஒரு கும்பிடு போட்டார்.

வாங்கலாமா, வேண்டாமா?

ரயில்வே வேலை என்றால் அந்தக் காலத்தில் கிடைத்தற்கரிய வேலை. மாதம் பிறந்தால் சம்பளம். வயதானால் ஊரில் மரியாதை. அதை உதறிவிட்டு, வெள்ளைத் துணியில் நிழலாட்டம் காட்டும் ஒரு பெட்டியைக் கட்டிக்கொண்டு ஒருவன் கிளம்பினால் பெற்றவர்களும் உற்றவர்களும் என்ன நினைப்பார்கள்? வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இத்தனைக்கும் சலனப்படம் பிறந்து அப்போது பத்து வருஷம்தான் ஆகியிருந்தது. பாரிஸ் நகரத்தில் லூமியேர் சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு முதற் காட்சி நடத்தியது 1895-ம் வருஷம் டிசம்பர் 28-ந் தேதி. அடுத்த ஜூலையிலேயே பம்பாய் வாட்சன் ஓட்டலில் அவர்கள் படம் காட்டப்பட்டது. ஆனால், இதற்கு வியாபார எதிர்காலம் கிடையாது, சில நாள் வேடிக்கையோடு தீர்ந்துபோகும் என்று லூமியேர் குடும்பத்தாரே நினைத்ததாகச் சொல்வார்கள். பெற்ற தகப்பனுக்கே பிள்ளைமேல் நம்பிக்கை இல்லை!

அமெரிக்காவில் எடிசன் கதை இன்னும் விசித்திரம். அவருடைய முதல் கருவி ஒரு மரப்பெட்டி. அதில் ஒரு துவாரம். காசு கொடுத்தவர் குனிந்து கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு சமயத்தில் ஒருவர்தான் பார்க்கலாம். 1894-ல் நியூயார்க்கில் இப்படிப் பெட்டிகளை வரிசையாக வைத்துக் கடையே திறந்தார்கள். ஆளுக்கு ஒரு பெட்டி இருந்தால் பெட்டிகள் அதிகம் விற்கும் என்பது கணக்கு. ஆனால் நூறு பேர் ஒன்றாக உட்கார்ந்து, ஒன்றாகச் சிரித்து, ஒன்றாகப் பயப்படுவதில் உள்ள சுகத்தை அந்தப் பெட்டி தரவில்லை. திரையில் காட்டும் யந்திரம் வந்ததும் பெட்டி மூலைக்குப் போயிற்று.

இன்று நம் திருப்பூர், கோவைப் பக்கத்துப் பொருட்காட்சிகளில் ஒரு கருவியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு, கையை வீசி விளையாட டிக்கெட் விற்கிறார்களே, அதைப் பார்த்தால் எடிசன் பெட்டி திரும்பி வந்துவிட்டதோ என்று தோன்றும். ஒருவர் விளையாட, பத்துப் பேர் சுற்றி நின்று பார்க்கிறார்கள். முதல் போட்டவருக்கு வேண்டிய கேள்வியும் பழைய கேள்விதான். கூட்டம் யந்திரத்தைப் பார்க்க வருகிறதா, அல்லது யந்திரம் காட்டுவதைப் பார்க்க வருகிறதா? யந்திரத்தைப் பார்க்க வந்தவன் மறுநாள் வரமாட்டான்.

வின்சென்டுக்கு இந்தக் கேள்வி திருச்சியிலேயே வந்துவிட்டது.

படம் பழசாகும்

அந்த நாளில் படங்களை வாடகைக்கு வாங்கிக் காட்டும் வழக்கம் வரவில்லை. துணி வாங்குவது போலப் படத்தையும் அடிக்கணக்கில் விலைக்கு வாங்க வேண்டும். ஆயிரம் அடிச் சுருள் ஒன்று கையால் சுற்றினால் சுமார் பதினாறு நிமிஷம் ஓடும். டுபானிடமிருந்து வந்த சுருள்களில் இயேசுநாதர் சரித்திரமும் ஒன்று. அதைத்தான் வின்சென்ட் முதலில் திருச்சியில் காட்டினார். ஜனங்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள்.

சரி, ஒரு வாரம் பார்ப்பார்கள். இரண்டு வாரம் பார்ப்பார்கள். பிறகு? கையில் உள்ள சுருள்கள் அவ்வளவுதான். புதுச் சுருள் வாங்கப் பணம் வேண்டும். ஊர் முழுவதும் பார்த்துவிட்டால் யந்திரம் இருந்தும் பிரயோஜனம் இல்லை.

படத்தை மாற்ற முடியாதவன் என்ன செய்வான்? ஊரை மாற்றுவான்!

வின்சென்ட் அதைத்தான் செய்தார். கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு புறப்பட்டார். தெற்கே பல ஊர்களில் காட்டினார். பிறகு வடக்கே திரும்பினார். லக்னோ, லாகூர் என்று போய், ஆப்கானிஸ்தான் எல்லைக்குப் பக்கத்தில் உள்ள பெஷாவர் வரையில் அந்தக் கோயமுத்தூர் இளைஞர் படம் காட்டியிருக்கிறார். தமிழ் தெரியாத பட்டாணியருக்கும் பஞ்சாபியருக்கும் அவர் காட்டிய படத்தில் பாஷையே கிடையாது. ஊமைப்படத்தின் பெரிய சௌகரியம் அதுதான். பிற்காலத்தில் பேசும் படம் வந்ததும் முதலில் பறிபோனதும் அந்தச் சௌகரியம்தான்.

நெருப்போடு விளையாட்டு

படம் காட்டுவது லேசான காரியம் என்று நினைத்துவிடக் கூடாது. யந்திரத்துக்கு வெளிச்சம் வேண்டும். மின்சாரம் இருந்தால் இரண்டு கார்பன் குச்சிகளை எதிர் எதிரே வைத்துப் பொறி பறக்கச் செய்து அந்த ஒளியில் காட்டலாம். மின்சாரம் இல்லாத ஊர்களில் சுண்ணாம்புக் கட்டியை வாயுச் சுடரில் காய்ச்சி, அது வெண்மையாக ஒளிவிடும்போது காட்டுவது ஒரு முறை. ஒரு கை யந்திரத்தைச் சுற்ற வேண்டும். ஒரு கண் விளக்கின்மேல் இருக்க வேண்டும். வேகம் குறைந்தால் திரையில் மனிதர்கள் ஊர்வார்கள். கூடினால் குதிப்பார்கள். நின்றுபோனாலோ ஆபத்து!

ஏனென்றால் அந்தக் காலத்துப் படச்சுருள் வெடிபஞ்சு ஜாதியைச் சேர்ந்தது. தீப்பிடித்தால் அணைக்க முடியாது. 1897-ம் வருஷம் மே மாதம் பாரிஸில் ஒரு தர்மச் சந்தையில் சலனப்படம் காட்டிய இடத்தில் விளக்கிலிருந்து தீப் பிடித்து நூற்றிருபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். பெரும்பாலோர் பெண்கள். அந்த யந்திரத்தையும் அந்தச் சுருளையும் வைத்துக்கொண்டு, துணிக் கூடாரத்துக்குள், நூற்றுக்கணக்கான ஜனங்களை உட்கார்த்தி, இரவோடு இரவாகக் காட்சி நடத்தினார்கள் அன்றைய கொட்டகைக்காரர்கள். நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. 1918-ல் இந்திய சர்க்கார் சினிமாச் சட்டம் போட்டு, லைசென்ஸ் இல்லாமல் படம் காட்டக் கூடாது என்றும், லைசென்ஸ் கொடுப்பது ஜில்லா மாஜிஸ்திரேட் பொறுப்பு என்றும் செய்தது வீணுக்கு அல்ல.

சென்னையில் கூடாரம்

1909-ல் வின்சென்ட் சென்னைக்கு வந்தார். எஸ்பிளனேடில், பாரி முனைக்குப் பக்கத்தில், கூடாரம் அடித்தார். அதற்கு அவர் சூட்டிய பெயர் எடிசன் கிராண்ட் சினிமாமெகபோன். வாங்கியது பிரெஞ்சுக்காரரிடம், பெயர் வைத்தது அமெரிக்கருக்கு! எடிசன் என்ற பெயரைக் கேட்டால் ஜனங்கள் வருவார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. விளம்பர சாமர்த்தியம் என்பது இதுதான் போலும்.

ஆனால் அவருடைய அசல் சாமர்த்தியம் வேறு இடத்தில் இருக்கிறது. பிரான்சில் பெரிய சினிமா வியாபாரம் நடத்திய பாதே கம்பெனியின் யந்திரங்களை விற்கும் ஏஜன்சியை வின்சென்ட் எடுத்துக்கொண்டார். யோசித்துப் பாருங்கள். அதுவரையில் அவர் படம் காட்டுகிறவர். யந்திரம் வைத்திருப்பவர் சிலர்தான் என்பதால் அவருக்கு லாபம். வேறு யாராக இருந்தாலும் அந்த ரகசியத்தைப் பொத்திப் பொத்தி வைத்திருப்பார்கள். இவரோ தமக்குப் போட்டியாகக் கிளம்பக்கூடியவர்களுக்கே யந்திரம் விற்க முன்வந்தார்!

கணக்கு தப்பவில்லை. எத்தனை நாள் ஒரு மனிதன் கூடாரத்தோடு அலைவான்? யந்திரம் வாங்குகிறவன் அலையட்டும். அவனுக்கு மறுபடியும் கார்பன் வேண்டும், உதிரிச் சாமான் வேண்டும், புதுச் சுருள் வேண்டும். யாரிடம் வருவான்? தமிழ்நாட்டுக் கிராமங்களில் பிற்காலத்தில் பிரசித்தமான டூரிங் சினிமாக் கொட்டகைகளுக்கு விதை போட்டவர்களில் அவரும் ஒருவர்.

வெரைட்டி ஹால்

இதற்கிடையில் வியாபாரத்தின் போக்கே மாறிக்கொண்டிருந்தது. பாதே கம்பெனி 1907-ல் பிரான்சில் படங்களை விற்பதை நிறுத்தி, வாடகைக்கு விடும் முறைக்கு மாறியது. மற்ற இடங்களுக்கும் மெல்ல மெல்ல அந்த முறை பரவியது. வாடகைக்குப் படம் கிடைத்தால் ஊரை மாற்ற வேண்டியதில்லை. படத்தை மாற்றினால் போதும். அலைந்தவர்கள் ஓரிடத்தில் உட்கார ஆரம்பித்தார்கள். சென்னையில் 1913-ல் எலெக்ட்ரிக் தியேட்டர் வந்தது.

1914-ல் வின்சென்ட் சொந்த ஊருக்குத் திரும்பினார். கோயமுத்தூரில் ஒரு நிரந்தரக் கட்டிடம் எழுப்பினார். அதுதான் வெரைட்டி ஹால். தென்னாட்டில் சினிமாவுக்கென்றே கட்டப்பட்ட முதற் கட்டிடங்களில் ஒன்று.

தியேட்டருக்கு மின்சாரம் வேண்டும். ஊரில் மின்சாரம் இல்லை. தாமே உற்பத்தி செய்தார். ராத்திரி காட்சிக்கு ஓடும் யந்திரம் பகலில் சும்மா இருப்பானேன்? அச்சகம் வைத்தார், அதை மின்சாரத்தால் ஓட்டினார். மாவு மில் வைத்தார். அதுவும் மின்சாரத்தால் ஓடியது. சுற்றுப்புறத்துக்கும் மின்சாரம் கொடுத்தார். ஊராருக்கு முதல் மின்விளக்கு அதிசயத்தைக் காட்டியது சினிமாக்காரர் என்பது இன்று பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்.

நம் ஜில்லாக்களில் ஆலைகள் பெருகப் பெரிய காரணமான பைக்காரா மின்சாரம் 1932-ல்தான் வந்தது. திருப்பூருக்குக் கையால் சுற்றும் பின்னல் யந்திரம் கல்கத்தாவிலிருந்து வந்து சேர்ந்தது 1925 வாக்கில். பனியன் நெய்து விற்கலாம் என்று அப்போது நம்பியவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்க சிலர். முன்பின் தெரியாத யந்திரத்தில் பணத்தைப் போடுவது கொங்கு நாட்டுக்குப் புதிது அல்ல. வின்சென்ட் அந்த வரிசையில் கொஞ்சம் முன்னால் நிற்கிறார், அவ்வளவுதான்.

மற்றொருவர் கதை

இங்கே இன்னொருவரையும் சொல்ல வேண்டும். சென்னையில் ரகுபதி வெங்கையா என்ற புகைப்படக்காரர் இருந்தார். படத்தோடு இசைத்தட்டையும் சேர்த்து ஓட்டிப் பேசுவது போலக் காட்டும் குரோனோமெகபோன் என்ற புதுக் கருவியைக் கேள்விப்பட்டு, தம்முடைய ஸ்டூடியோவைப் பணயம் வைத்து, சுமார் 30,000 ரூபாய் செலவில் அதை வரவழைத்தார். வின்சென்ட் போட்ட முதலைப்போலப் பத்து மடங்குக்கும் மேல்! அவரும் இலங்கை, பர்மா என்று ஊர் ஊராகப் போனார். அவரும் 1914-ல் சென்னையில் கெயிட்டி தியேட்டரைக் கட்டினார். இன்னும் தியேட்டர்கள் கட்டினார். படப்பிடிப்புக் கம்பெனியும் தொடங்கினார். கடைசியில் கடன் சூழ்ந்து கையில் இருந்ததையெல்லாம் இழந்தார்.

இருவரும் ஒரே பாதையில் நடந்தவர்கள். இருவருக்கும் தைரியம் சமம். வெங்கையாவின் யந்திரம்தான் உயர்ந்தது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் வின்சென்ட் எதைச் செய்தாலும் அதன் பக்கத்தில் வேறொரு வருமானத்தையும் நட்டு வைத்தார். படம் ஓடாவிட்டால் அச்சகம் ஓடும். அச்சகம் படுத்தால் யந்திரம் விற்கும். வெங்கையாவுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அவரைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. துணிந்தவர்கள் எல்லோரும் கரையேறுவது இல்லை.

பேசும் படம்

1931-ம் வருஷம் அக்டோபர் 31-ந் தேதி "காளிதாஸ்" வெளியாயிற்று. திரை தமிழ் பேசியது. ஊமைப்பட யந்திரங்களுக்கு மறுபடியும் சோதனை. ஒலிக்கருவி வைக்க முடியாத கொட்டகைகள் திண்டாடின.

வின்சென்டுக்கு அப்போது வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. ஓய்வெடுக்கும் வயது. அவர் கல்கத்தாவுக்கு ரயிலேறும் வயதாக அதை எடுத்துக்கொண்டார். தமிழ்நாட்டில் பேசும்படம் எடுக்க வசதியில்லாத காலம் அது. கல்கத்தா பயோனீர் பிலிம் கம்பெனியுடன் சேர்ந்து "வள்ளி திருமணம்" எடுத்தார். "காளிதாஸ்" கதாநாயகி டி. பி. ராஜலட்சுமிதான் வள்ளி. 1933-ல் வெளிவந்த அந்தப் படம் கொள்ளை வசூல் செய்தது. முருகனும் வள்ளியும் பாட்டும் தமிழ் ஜனங்களுக்குக் காலம்காலமாகப் பழக்கம். புது யந்திரத்தில் பழைய கதையை ஏற்றினார். யந்திரம் அந்நியமாக இருந்தாலும் கதை அந்நியமாக இல்லை.

பிறகு, 1930-களின் நடுவில், கோயமுத்தூரிலேயே சென்ட்ரல் ஸ்டூடியோ தொடங்கப்பட்டபோது அதன் கூட்டாளிகளில் ஒருவராகவும் இருந்தார். படம் எடுக்கக் கல்கத்தா போன ஊர்க்காரர்கள் அதன் பிறகு சிங்காநல்லூர் போனால் போதும் என்றாயிற்று.

1942-ம் வருஷம் ஏப்ரல் 22-ந் தேதி வின்சென்ட் காலமானார். ஐம்பத்தொன்பது வயது முடிந்து நான்காம் நாள்.

வெரைட்டி ஹால் பிற்காலத்தில் டிலைட் தியேட்டர் என்று பெயர் மாறிப் பல பத்தாண்டுகள் நடந்தது. கோயமுத்தூர் ஜங்ஷனிலிருந்து டவுன்ஹால் பக்கம் போகிறவர்கள் இன்றும் வெரைட்டி ஹால் ரோடு என்று சொல்லித்தான் ஆட்டோ பிடிக்கிறார்கள்.