உப்பு மலையும் பீர்பால் சாஹ்னியும்

பஞ்சாபில் ஜீலம் ஆற்றங்கரையில் பேரா என்றோர் ஊர் உண்டு. இன்று அது பாகிஸ்தானைச் சேர்ந்தது. 1891ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் அவ்வூரில் பிறந்தவரே பீர்பால் சாஹ்னி. தந்தையார் ருசி ராம் சாஹ்னி, லாகூர் அரசினர் கல்லூரியில் வேதியியற் பேராசிரியர். பேராவுக்கு அண்மையில் நிற்கிறது உப்பு மலைத்தொடர். நம் பாட்டிமார் மருந்துக்குத் தேடும் இந்துப்பு அங்குள்ள கேவ்ராச் சுரங்கத்தில் வெட்டப்படுவதே. பின்னாளில் சாஹ்னியின் அறிவு வாழ்வில் பெருஞ்சோதனையாக வந்து நின்றதும் அந்த மலைதான்.

1911இல் கேம்பிரிட்ஜ் சென்ற அவரைத் தொல்தாவரவியலுக்கு ஈர்த்தவர் பேராசிரியர் சீவர்டு. 1919இல் இலண்டன் பல்கலைக் கழகத்து டாக்டர் பட்டத்துடன் தாயகம் மீண்டார். மறு ஆண்டு சாவித்திரி அம்மையாரை மணந்தார். 1921இல் லக்னோப் பல்கலைக் கழகத்தின் முதல் தாவரவியற் பேராசிரியரானார். இராமன் 1934இல் நம் பெங்களூரில் நிறுவிய விஞ்ஞானக் கழகத்தின் தொடக்க உறுப்பினருள் அவரும் ஒருவர். 1936இல் இலண்டன் ராயல் சொசைட்டியும் அவரை உறுப்பினராக்கியது. ராஜ்மகால் குன்றுகளில் தனித்தனியே கிடைத்த தண்டு, இலை, விதைக்கூம்பு ஆகியவை மறைந்துபோன ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்று இணைத்துக் காட்டியது அவருடைய பெரும் பணி. ரோத்தக்கில் கிடைத்த சுடுமண் அச்சுகளைக் கொண்டு பண்டை மக்கள் நாணயம் வார்த்த முறையையும் எழுதினார். தாவரவியலார்க்கு இந்த வேலை ஏன் என்று கேட்கத் தோன்றும். ஒடிந்த துண்டிலிருந்து முழுமையைக் காண்பதுதானே அவர் தொழில்!

உப்பு மலைக்கு வருவோம். அங்கே உப்புப் படுகையின்மேல் கேம்பிரியன் காலப் பாறை கிடக்கிறது. கீழே கிடப்பது முன்னது, மேலே கிடப்பது பின்னது என்பது நிலநூலின் பாலபாடம். அவ்வாறாயின் உப்பு 50 கோடி ஆண்டுகட்கும் முற்பட்டதாதல் வேண்டும். ஆனால் நிலம் புரண்டு பழம்பாறை இளம்பாறையின்மேல் ஏறிவிடுவதும் உண்டு. ஆதலால் உப்பு இயோசீன் காலத்தது, ஏறத்தாழ 5 கோடி ஆண்டே ஆனது என்று வாதிட்டவர்களும் இருந்தனர். சாஹ்னி இந்த வழக்கை நுண்பெருக்கியின் கீழே கொண்டுவந்தார். உப்பையும் அதனோடு கிடந்த பாறைகளையும் கரைத்து, எஞ்சிய வண்டலைப் பார்த்தார். மரத்துணுக்கு, இலைத்தோல், பூச்சியின் உறுப்பு! நிலத்தில் மரஞ்செடிகளே தோன்றாத கேம்பிரியனில் மரத்துணுக்குக்கு இடமேது? 1944, 1945ஆம் ஆண்டுகளில் இதற்கென்றே கருத்தரங்குகள் கூடின. வெளித்தூசி கலந்திருக்கும் என்றனர் மறுத்தோர். அந்த ஐயம் அவருக்கும் இல்லாமலில்லை. ஆகவே பாறையின் உட்பகுதியையே எடுத்துச் சோதித்தார். கிடைத்தவை முன்போன்ற துணுக்குகளே.

இன்று தீர்ப்பு அவருக்கு மாறாக நிற்கிறது. அப்படுகை கேம்பிரியனின் தொடக்கத்தையோ அதற்குச் சற்று முன்னதையோ சேர்ந்தது என்பதே நிலவியலார் ஏற்கும் முடிவு. உப்பு கல்போல் தோன்றினும் அழுத்தத்தில் மெல்ல நகரும். நீரிற் கரைந்து மீண்டும் உறையும். பிற்காலத் துணுக்கு அதனுள் புகுந்துவிடுவது அரிதன்று. சாஹ்னியைப் புகழ்ந்தெழுதுவோர் சிலர் இவ்விடத்தை விரைந்து கடந்துவிடுவர். எனக்கோ, அவர் வாழ்வில் ஆய்வு மாணவர் ஊன்றிப் படிக்கவேண்டிய பகுதி இதுவே என்று படுகிறது. எந்த மாதிரியை எங்கே எடுத்தார், எப்படிக் கரைத்தார் என்றெல்லாம் அவர் ஒளிக்காது எழுதிவைத்ததனாலன்றோ பிறர் அதனைச் சோதிக்க முடிந்தது?

1949 ஏப்ரல் 3ஆம் நாள், லக்னோவில் அவர் கனவுகண்ட தொல்தாவர ஆய்வு நிலையத்துக்கு நேரு அடிக்கல் நாட்டினார். அந்த அடிக்கல்லே தொல்லுயிர் எச்சங்களைப் பதித்துச் செய்யப்பட்டது. ஒரு வாரம் சென்றது. ஏப்ரல் 10ஆம் நாள் மாரடைப்பு அவரைக் கொண்டுபோயிற்று. வயது 57. கட்டடம் எழவில்லை; தலைவரும் இல்லை. சாவித்திரி அம்மையார் பொறுப்பை ஏற்று அந்நிலையத்தை வளர்த்தார். 1953இல் கட்டடம் திறக்கப்பட்டது.

நமக்கும் அந்நிலையத்துக்கும் உறவு உண்டு. லால்பாக் பாறை 300 கோடி ஆண்டு முதியது. உருகி இறுகிய அதில் உயிரெச்சம் தேடுவது வீண். திருச்சிப் பக்கத்து டால்மியாபுரத்துச் சாம்பல்நிறக் களிப்பாறை அப்படியன்று. (1953இல் கல்லக்குடி என்ற பெயருக்காகப் போராட்டம் நடந்த அதே ஊர்தான், நிலநூலார் மட்டும் பாறையை இன்றும் டால்மியாபுரம் என்றே எழுதுகின்றனர்.) 1970களில் அந்தக் களிப்பாறையிலிருந்து, ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகட்கு முன் கடலில் மிதந்த டைனோபிளாஜெல்லேட் என்னும் ஓரணு உயிர்களின் உறக்கக் கூடுகள் விவரிக்கப்பட்டன. எரன்பெர்க் என்ற ஜெர்மானியர் 1830களிலேயே இத்தகைய கூடுகளைத் தீக்கல்லிற் கண்டார். ஆனால் முள் நிறைந்த உருண்டைகளுட் பல இவ்வுயிர்களின் கூடுகளே என்பதை எவிட் என்ற அமெரிக்கர் நிறுவியது 1961இல்தான். சாஹ்னி அதை அறியாமலே மறைந்தார்.

கூடு ஒன்று ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு இருக்கலாம். எந்த இனம் என்று காண, முள் கிளைக்கும் விதம், மேலே தகடுகள் அமைந்த ஒழுங்கின் சுவடு, உள்ளிருந்த உயிர் வெளியேறிய வாசலின் வடிவம் ஆகியவற்றை நோக்குவர். அதற்கும் முன்னால், கூடு இப்பாறையிலேயே படிந்ததா, பழம்பாறை கரைந்து வந்து சேர்ந்ததா, துளையிடும்போது மேலிருந்து விழுந்ததா என்று பார்ப்பர்.